ஒருவர் சேர்த்ததை நூதனசாலை என்று சொல்லலாமா?

வாசகர் கேள்வி, 2024 பெப்ரவரி 3

ஐதராபாத்தில் சாலார் ஜங் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். வாள்கள், சீனக் கோப்பைகள், ஐரோப்பியச் சிலைகள், கைத்தடிகள், பொம்மைகள், கடிகாரங்கள் என்று கூடம் கூடமாக நடந்தும் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு தெரியவில்லை. பணமும் பொழுதும் இருந்த ஒருவர் வாங்கிக் குவித்ததை மக்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். இதை அருங்காட்சியகம் என்பதா, பண்டகசாலை என்பதா? உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்.

2024 பெப்ரவரி 4, காலை

பண்டகசாலை என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பண்டகசாலையில் உள்ளவை வெளியே போவதற்காகக் காத்திருப்பவை. அங்கே ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் வேறுபாடு பார்க்க வேண்டியதில்லை. சாலார் ஜங் சேர்த்தவற்றில் ஒவ்வொன்றும், ஒருவர் ஒரு நாள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது என்னிடம் இருக்கட்டும் என்று தீர்மானித்த பொருள். தொடர்பு எங்கே என்று கேட்கிறீர்கள். அந்தக் கைதான் தொடர்பு.

மூன்றாம் சாலார் ஜங் எனப்படும் மீர் யூசுப் அலி கான் 1889இல் பிறந்தவர்; பிறந்த சில வாரங்களிலேயே தந்தையை இழந்தவர். 1912இல் ஐதராபாத்தை ஆண்ட ஏழாம் நிசாமின் திவானாக, அதாவது தலைமை அமைச்சராக, பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 23. 1914இல் அந்தப் பதவியிலிருந்து விலகினார். மணம் முடிக்கவில்லை. 1949இல் இறக்கும்வரை, ஏறத்தாழ 35 ஆண்டுகள், சேர்ப்பதுதான் அவர் வாழ்க்கையாக இருந்தது. வாரிசு இல்லாத அந்த வீட்டின் பொருள்கள்தாம் 1951 டிசெம்பர் 16ஆம் திகதி, அவருடைய திவான் தேவ்டி அரண்மனையிலேயே, நேருவால் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டன. மூசி ஆற்றின் தென்கரையில் நீங்கள் பார்த்த கட்டடத்துக்கு அவை 1968இல்தான் வந்தன.

மகள் ஐதராபாத்தில் படிப்பதால் கடந்த டிசெம்பரில் நானும் மனைவியும் அங்கே போயிருந்தோம். கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி நிறுவனத்துக் கடிகாரத்தின் முன்னால் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய் உட்கார்ந்துகொண்டோம். பள்ளிப் பிள்ளைகள், தலையில் முக்காடிட்ட கிராமத்துப் பெண்கள், கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு தகப்பன் என்று கூடம் நிறைந்துவிட்டது. கடிகாரத்துக்குள் ஒரு சிறிய கொல்லன் நொடிக்கு ஒரு முறை சுத்தியலை ஓங்கி அடித்துக்கொண்டே இருந்தான். மணி ஆவதற்குச் சற்று முன் மேலே ஒரு கதவு திறந்தது. விரல் உயரத் தாடிக்காரன் ஒருவன் வெளியே வந்து, பன்னிரண்டு முறை மணியடித்துவிட்டு உள்ளே போனான். அந்தப் பன்னிரண்டு அடிகளையும் அத்தனை பேரும் உதடசைத்து எண்ணினார்கள். தெலுங்கிலும் உருதுவிலும் ஓடிய எண்ணிக்கைக்கு நடுவே நாங்கள் தமிழில் எண்ணினோம். ஒருவர் தன் ஆசைக்காக வாங்கிய பொருள் ஊருக்கெல்லாம் பொதுவாகும் நிகழ்ச்சியை நான் அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

2024 பெப்ரவரி 4, இரவு

போக நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. நாங்கள் வெள்ளியன்று போய்ச் சேர்ந்ததால் ஒரு நாள் காத்திருக்க நேர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டார் அருங்காட்சியகம் என்பதை நம் இலங்கையில் நெடுங்காலமாக நூதனசாலை என்றே சொல்லி வந்திருக்கிறோம். நூதனம் என்றால் புதுமை, விந்தை. பழம்பொருள் இருக்கும் இடத்துக்கு இந்தப் பெயரா என்று சிறு வயதில் குழம்பியிருக்கிறேன். ஐதராபாத்தில் அந்தக் கூட்டத்தின் முகங்களைப் பார்த்த பிறகு, பெயர் வைத்தவர்கள் பொருளின் வயதை எண்ணவில்லை, பார்க்கிறவரின் முகத்தை எண்ணினார்கள் என்றே தோன்றுகிறது. இனி நானும் நூதனசாலை என்றே எழுதுகிறேன்.

2024 பெப்ரவரி 9

முதற் குறிப்பில் ஒரு திருத்தம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கை சேர்த்தது போல எழுதிவிட்டேன். அது சரியன்று. அங்கே எல்லாரும் தேடிப்போய்ப் பார்க்கும் முகத்திரையிட்ட ரெபெக்கா என்ற சிலையை 1876இல் ரோமில் வாங்கியவர் இவருடைய பாட்டனாரான முதலாம் சாலார் ஜங். சேர்க்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருந்தது. கடைசி மனிதர் அதைத் தன் முழுநேரப் பணியாக்கிக்கொண்டார்.

அந்தச் சிலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜொவான்னி மரியா பென்சோனி என்ற இத்தாலியச் சிற்பி பளிங்கில் செதுக்கியது. தனக்கென நிச்சயிக்கப்பட்ட ஈசாக்கைத் தூரத்தில் கண்டதும் ரெபெக்கா முக்காட்டை இழுத்து மூடிக்கொள்கிறாள் என்று விவிலியம் சொல்லும் அந்தக் கணம். முகமும் கல், அதன் மேல் கிடக்கும் துணியும் அதே கல். ஆனாலும் துணிக்குள்ளே மூக்கின் நுனியும் கீழுதட்டின் மடிப்பும் தெரிகின்றன. ஈரச் சேலையைக் கொடியில் போடும்போது அது ஒட்டிக்கொள்ளும் இடமும் விலகி நிற்கும் இடமும் இருக்குமே, அந்த வேறுபாட்டை அந்த மனிதர் உளியால் கொண்டுவந்திருக்கிறார். என் மனைவி சிலையின் பின்பக்கம் போய், துணி எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

பென்சோனி இதே சிலையைப் பலமுறை செய்தவர். வேறு நாடுகளிலும் அதன் பிரதிகள் உள்ளன. ஆகவே அருமை என்பது ஒன்றே ஒன்றாக இருப்பதிலும் இல்லை.

2024 பெப்ரவரி 17

கேள்வி கேட்ட நண்பர் மீண்டும் எழுதியிருக்கிறார்: ஆசை ஒரு தொடர்பாகலாம், ஆனால் ஆசைக்கு ஒழுங்கு கிடையாது, ஒழுங்கு இல்லாத இடத்தில் எதைக் கற்பது என்கிறார். இரண்டு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நியாயமான கேள்வி.

ஒழுங்கு பல வகைப்படும். பிட் ரிவர்ஸ் என்ற ஆங்கிலத் தளபதி தம் சேகரிப்பை 1884இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அந்த நூதனசாலையில் நாடு பார்த்து, காலம் பார்த்து அடுக்குவதில்லை. பயன் பார்த்து அடுக்குகிறார்கள். விளக்கு என்றால் உலகத்து விளக்குகள் ஒரே பெட்டியில். பூட்டு என்றால் பூட்டுகள் எல்லாம் ஒன்றாக. இலண்டனில் ஜோன் சோன் என்ற கட்டடக் கலைஞர் நேர்மாறாக நடந்தார். தம் வீட்டில் தாம் வைத்தது வைத்தபடியே இருக்க வேண்டும் என்று 1833இல் பாராளுமன்றத்தில் ஒரு சட்டமே நிறைவேற்றிக்கொண்டு 1837இல் இறந்தார். எகிப்திய மன்னன் முதலாம் சேத்தியின் கல்லால் ஆன சவப்பேழையை, பிரித்தானிய நூதனசாலை வேண்டாம் என்ற பிறகு, 1824இல் 2000 பவுண் கொடுத்து வாங்கித் தம் வீட்டின் நிலவறையில் வைத்தவர் அவர். பொஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் என்ற அம்மையார் 1903இல் திறந்த நூதனசாலையிலும் எதையும் இடம் மாற்றக் கூடாது என்று உயில் இருக்கிறது. 1990 மார்ச் 18ஆம் திகதி அங்கே 13 கலைப்பொருள்கள் களவுபோயின; ஓவியங்கள் இருந்த இடத்தில் வெறும் சட்டங்கள் இன்றும் தொங்குகின்றன. அவர் எதை எதன் பக்கத்தில் வைத்தார் என்பதும் அந்தச் சேகரிப்பில் ஒரு பொருள்தான். அதனால்தான் வெற்றுச் சட்டத்துக்கும் அங்கே இடம் உண்டு.

சாலார் ஜங்கின் நிலை வேறு. அவர் எந்த ஒழுங்கையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அரண்மனை முழுவதும் கிடந்தவற்றை இனம் பிரித்துக் காட்சிக்கு வைக்கும் வேலை, சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த ஜேம்ஸ் கசின்ஸ் என்ற அயர்லாந்துக் கவிஞரிடம் வந்தது. ஆகவே நண்பரே, நீங்கள் நடந்த கூடங்களின் வரிசை பிற்காலத்தவர் அமைத்தது; சேர்த்தவர் அமைத்ததன்று. வாளும் கோப்பையும் பொம்மையும் அவர் வீட்டில் எப்படி இருந்தன என்பதை இன்று யாரும் நடந்து பார்க்க முடியாது. முதல் நாள் நான் அந்தக் கைதான் தொடர்பு என்று எழுதினேன். இப்போது யோசித்தால், கை போன பிறகு அதன் சுவடு தானாக நிற்பதில்லை. யாராவது ஒருவர் அதை எழுதிவைத்தால்தான் நிற்கும்.

2024 பெப்ரவரி 18

நேற்று எழுதியதன் கடைசி வரி என்னைத் தூங்க விடவில்லை. அதற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

என் பெரியப்பா திருகோணமலை டொக்யாட்டில், கடற்படையின் கப்பல் பட்டறையில், வேலை செய்தவர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை நம் அரசிடம் கையளித்துவிட்டுப் போனபோது வேண்டாம் என்று கழிக்கப்பட்ட சில்லறைச் சாமான்களிலிருந்து அவருடைய சேகரிப்பு தொடங்கியது என்று சொல்வார்கள். பித்தளைக் கப்பல் விளக்கு ஒன்று, கண்ணாடி கீறல் விழுந்த திசையறி கருவி ஒன்று. பிறகு அது எல்லாத் திசையிலும் வளர்ந்தது. தம்பலகாமத்திலிருந்து வந்த மரைக்கால், கொத்து, சுண்டு என்னும் முகத்தல் அளவைகள், கழுத்துக்குள் குண்டு உருளும் சோடாப் போத்தல்கள், ஆமைப்பூட்டுகள், சதுரமான ஐந்து சத நாணயக் குற்றிகள், விளிம்பு நெளிந்த இரண்டு சதக் குற்றிகள், கோணேசர் தேர்த்திருவிழாத் துண்டுப் பிரசுரங்கள், அவருடைய தாயாரின் பாக்குவெட்டி. திருக்கடலூரில் இருந்த அவர் வீட்டு முன்னறையில் இரண்டு றங்குப் பெட்டிகளும் ஒரு கண்ணாடி அலுமாரியும் நிறைய இவை இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் போனால் ஒரே ஒரு பொருளைத்தான் எடுத்துக் காட்டுவார். இரண்டாவதைக் கேட்டால், வருகிற கிழமை வா என்பார்.

ஒவ்வொரு பொருளிலும் ஓர் இலக்கம் ஒட்டியிருந்தது. அந்த இலக்கத்துக்கு உரிய கதை ஒரு நீள் கொப்பியில் இருந்தது. பெரியப்பா 2001இல் காலமானார். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அலுமாரி நொறுங்கியது, றங்குப் பெட்டிகள் இருந்த இடத்திலேயே மணல் மூடிக் கிடந்தன, கொப்பி போய்விட்டது. பித்தளையும் இரும்பும் இன்று என் வீட்டில் இருக்கின்றன, இலக்கங்களோடு. 87 என்ன, 112 எங்கிருந்து வந்தது என்று சொல்ல எவரும் இல்லை.

நண்பர் பண்டகசாலை என்றபோது எனக்கு வந்த கோபம் சாலார் ஜங்குக்காக வந்ததன்று. என் வீட்டு அறையில் இருப்பதை அந்தச் சொல்லால் யாராவது அழைத்தால் மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்பதற்காக வந்தது.

2024 மார்ச் 2

இப்படி வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நம் நாட்டின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்கிறது. அது கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த கண்டி உடன்படிக்கை ஒப்பமிடப்பட்ட நாள். அவற்றை அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது; மண்ணில் புதிதாகக் கண்டெடுத்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். கடலில் மூழ்கியோ மண்ணைக் கிளறியோ எடுத்ததை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

எங்களிடம் அவ்வளவு பழையது ஒன்றே ஒன்றுதான்: பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்குள் கிடந்த, ஒல்லாந்தக் கம்பனி முத்திரையிட்ட செப்புக் காசு. அவர்கள் அதை டொயிற் என்றார்கள். நம் வாயில் அது துட்டு ஆயிற்று. ஆண்டில் 17 மட்டும் தெரிகிறது, மற்ற இரண்டு இலக்கங்களும் தேய்ந்துவிட்டன. துட்டு இல்லை என்று நாளெல்லாம் சொல்கிற நமக்கு, அந்தத் துட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் சொல்லுக்கும் ஒரு பாரம் இருப்பது தெரியும்.

2024 மார்ச் 10

சேர்த்தவர் போன பின் சேகரிப்பு எங்கே போகிறது என்ற பேச்சு எழுந்திருப்பதால் நம்மவர் இருவரை நினைவுபடுத்துகிறேன்.

ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். இந்தியக் கலைப்பொருள்களை அவர் தேடித் தேடிச் சேர்த்து, ஒரு தேசிய நூதனசாலை அமைத்தால் அத்தனையையும் தருவதாக இந்தியாவில் சொல்லிப் பார்த்தார். ஏற்பார் இல்லை. 1917இல் அந்தச் சேகரிப்பு பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குப் போனது. அதைப் பராமரிக்க அவரும் அங்கேயே போனார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது: பொருளோடு அதைப் பற்றி அறிந்தவரும் கூடவே போனதால், அங்கே அவை ஊமையாகவில்லை.

மற்றவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். ரோஜா என்பது அவருடைய கடையின் பெயரால் வந்தது. பழைய தமிழ் நூல்களோடு, பிறர் குப்பை என்று ஒதுக்கும் அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம், கத்தரித்த செய்தித் துணுக்கு எல்லாவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் இருந்தன. 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது; வாங்கியும் கடல் கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. சாலார் ஜங்கிடம் அரண்மனை இருந்தது. இவரிடம் இருந்தது தூரிகை. பணமும் பொழுதும் இருந்தவர் என்று நண்பர் எழுதியது இந்த மனிதருக்குப் பொருந்தாது.

2024 மார்ச் 24

கொப்பி போய்விட்டது என்று எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

நேற்றுப் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். 88 வயதாகிறது; கண் மங்கலாக இருந்தாலும் நினைவு தெளிவாக இருக்கிறது. நான் கொப்பியைப் பற்றிப் பேச்செடுத்ததும் சேலைப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கூறைச் சேலைக்கு அடியில், துணியில் சுற்றி, 11 தாள்கள். தண்ணீர் வடிந்த பிறகு மணலிலிருந்து பொறுக்கி, முகாமில் கொடியில் போட்டுக் காயவைத்ததாம். ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்றேன். "ஒருத்தரும் கேக்கேல்லையே மோனை" என்றார்.

அதோடு நான் அறியாத ஒன்றையும் சொன்னார். 1990இல் யுத்தத்துக்கு அஞ்சி எல்லாரும் வீட்டை விட்டு ஓடியபோது, பெரியப்பா றங்குப் பெட்டிகளைக் கிணற்றடியில் புதைத்துவிட்டுக் கொப்பியை மட்டும் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தாராம். "சாமானை விட்டிட்டு வெறும் கொப்பியைக் கொண்டு வாறீங்களே எண்டு நான் ஏசினனான். சாமான் போனாலும் இதில இருக்கும், இது போனா சாமான் வெறும் சாமான் எண்டு சொன்னவர்." ஐதராபாத்தையும் இலண்டனையும் சுற்றி நான் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த இடத்தில் அவர் 34 ஆண்டுகளுக்கு முன்பே நின்றிருக்கிறார்.

தாள்களைச் சொல்ல வேண்டும். பெரியப்பா இலக்கத்தைப் பென்சிலாலும் விவரத்தை மைப்பேனாவாலும் எழுதியிருக்கிறார். முதல் எட்டுத் தாள்களில் ஓரமாக இலக்கங்கள் அப்படியே நிற்கின்றன: 58, 59, 60. அவற்றின் எதிரே விவரம் இருந்த இடம் முழுவதும் ஒரே நீலக் கறை. வரி வரியாக, மேகம் போல. கடைசி மூன்று தாள்களில் மட்டும், பேனா பழுதானதோ என்னவோ, எல்லாமே பென்சில். அந்த மூன்று தாள்களும் நேற்று எழுதியது போல வாசிக்க முடிகின்றன. "143. சோடாப் போத்தல். குண்டு நீலம். உள் துறைமுக வீதியில் கடை மூடிய அன்று முதலாளி தாமே தந்தது. காசு வாங்க மறுத்தார்."

நூதனசாலைகளில் பென்சிலால்தான் குறிப்பு எழுதுவார்கள் என்று எங்கோ கேட்டிருக்கிறேன். ஏன் என்பதை இப்போது என் கையில் வைத்துப் பார்க்கிறேன். வீட்டில் எதையாவது சேர்த்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பென்சிலால் எழுதுங்கள்.

2024 மார்ச் 31

உப்புவெளி நண்பர் இன்று நேரில் வந்தார். பண்டகசாலை என்ற சொல்லைத் திரும்பப் பெறுவதாக அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. பெட்டி முன் உட்கார்ந்து 87ஐ எடுத்துப் பார்த்து, இது வள்ளத்துத் துடுப்புக்கான பித்தளைக் கொண்டி என்றார். அவருடைய தகப்பனார் கடற்றொழிலாளி. 87க்கு இப்போது ஒரு வரி இருக்கிறது.

2024 ஏப்ரல் 21

புதுவருட விடுமுறையில் மகள் வந்திருந்தாள். மூவரும் பெரியம்மா வீட்டுக்குப் பெட்டிகளையே கொண்டுபோய்விட்டோம். ஒவ்வொன்றாக அவர் மடியில் வைக்க, அவர் தடவிப் பார்த்துச் சொல்ல, மகள் பென்சிலால் அட்டையில் எழுதினாள். ஆறு நாளில் 52 அட்டைகள். தெரியாததை அவர் தெரியாது என்றார். அங்கே இலக்கத்தை மட்டும் எழுதி வரியை வெறுமையாக விட்டோம். வெற்றுச் சட்டத்தை மாட்டி வைத்த பொஸ்டன் நினைவுக்கு வந்தது.

63ஆம் இலக்கம் பாக்குவெட்டி. பெப்ரவரி 18ஆம் திகதிக் குறிப்பில் அதைப் பெரியப்பாவின் தாயாருடையது என்று எழுதியிருந்தேன். பிழை. பெரியம்மாவின் தாயார் தம் மகளுக்குக் கலியாணத்தின்போது கொடுத்தது. மேற்பிடியின் இடப்பக்கம் மட்டும் தேய்ந்து பளபளப்பதை நாங்கள் வார்ப்பின் குறை என்று எண்ணியிருந்தோம். அவருடைய அம்மா இடக்கைக்காரியாம். தாமும் இடக்கைதான் என்று சொல்லிவிட்டு, ஒரு பாக்குக் கொண்டுவரச் சொன்னார். பிடி அவர் கைக்குள் தானாகவே போய் உட்கார்ந்தது. சீவலை வெற்றிலையில் வைத்து மடித்து என் மனைவியிடம் நீட்டினார். பிறகு பாக்குவெட்டியைத் திருப்பித் தரவில்லை.

மகள் அட்டையில் எழுதியிருக்கிறாள்: "63. பாக்குவெட்டி. தாய்வழி. இடக்கை. தற்போது பெரியம்மாவின் பாவனையில் உள்ளது."